முதல் கத்தி: மடக்குக் கத்தியா, மடங்காததா? எதை வாங்கி எப்படிப் பேணுவது?

நெடுவழி

எல்லோருக்கும் வணக்கம். குழுவாக மலை நடை போகும்போது யாராவது ஒருவரிடம் கத்தி இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்வேன். இப்போது சின்னக் குழுவாகவும் தனியாகவும் போக ஆரம்பித்திருப்பதால் எனக்கென்று ஒன்று வேண்டும்.

எனக்கு இருக்கும் வேலைகள் இவ்வளவுதான்: கயிறு அறுப்பது, பொட்டலம் பிரிப்பது, பழம் காய் நறுக்குவது, கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவுவது, எப்போதாவது அடுப்புப் பற்றவைக்கச் சிராய் எடுப்பது.

தேடிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரு பக்கம் 5, 6 மில்லிமீட்டர் தடிமனில், முதுகில் ரம்பப் பல்லோடு, பிடிக்குள் திசைகாட்டி வைத்த 'சர்வைவல்' கத்திகள். இன்னொரு பக்கம் டி2, எஸ்30வி, 14சி28என் என்று எஃகுப் பெயர்களாகவே பேசுகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? மடக்குக் கத்தி போதுமா?

சாணைக்கல்

உங்கள் வேலைகளை எழுதியது நல்லது. கத்தி கேட்கிற பலர் அதைச் சொல்வதே இல்லை. அந்தப் பட்டியலில் 5 மில்லிமீட்டர் தடிமன் கேட்கிற வேலை ஒன்றுகூட இல்லை.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். கத்தி நன்றாக அறுக்கிறதா என்பதை முதலில் தீர்மானிப்பது அலகின் வடிவம். இரண்டாவது, நீங்கள் அதைத் தீட்டி வைத்திருக்கிறீர்களா என்பது. எஃகின் பெயர் அதற்குப் பிறகுதான். வாய்க்கு, அதாவது அறுக்கிற கூர் விளிம்புக்கு, சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று பாருங்கள். அங்கே தடித்திருந்தால் வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் பொருளுக்குள் இறங்காது, ஆப்பு வைத்த மாதிரி பிளக்கும். கேரட்டை நறுக்கும்போது 'டக்' என்று ஒடிகிறதே, அது தடித்த அலகின் வேலை.

எடுத்துக்காட்டாக மூன்று கத்திகள். பிரான்சின் ஒப்பினெல் 1890-இலிருந்து வருகிறது. அதன் 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. நீளம், தடிமன் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. சுவீடனின் மோரா கம்பானியன் மடங்காத கத்தி, அலகு 10 செ.மீ. சொச்சம், தடிமன் 2.5 மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் பேனாக்கத்திகளின் அலகும் மெல்லியதுதான். மூன்றுமே விலை உயர்ந்த எஃகில் செய்தவை அல்ல. மூன்றும் அருமையாக அறுக்கும்.

நடைக்கு மட்டும் என்றால் மடக்குக் கத்தி போதும். குச்சி சீவுவதும் சிராய் எடுப்பதும் அடிக்கடி இருந்தால் மடங்காதது வாங்குங்கள். கழுவவும் எளிது, கீலும் இல்லை, பூட்டும் இல்லை.

காட்டுவழி

சாணைக்கல் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடியும். சமையலறையில் மெல்லிய அலகு சரி. ஆனால் மழை ஊறிய காட்டில் மேலே கிடக்கிற குச்சி எல்லாம் நனைந்திருக்கும். காய்ந்த மரம் உள்ளேதான் கிடைக்கும், அதற்குக் கட்டையைப் பிளக்க வேண்டும். கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் தட்டி இறக்குவோம். 4 மில்லிமீட்டராவது இருந்தால், பிடியின் கடைசி வரை இரும்பு ஓடியிருந்தால், அந்த நேரத்தில் மனசுக்குத் தெம்பு. கத்தி முறிந்துபோனால் காட்டில் வேறு கத்திக்கு எங்கே போவது?

சாணைக்கல்

கத்தி முறிந்தால் மாற்று இல்லை என்பது சரியான வாதம், அதை மறுக்கவில்லை. ஆனால் தட்டிப் பிளப்பதற்கும் தடித்த அலகு கட்டாயமில்லை. மணிக்கட்டு அளவுக் கட்டை, நேரான இழை, முடிச்சு இல்லாத துண்டு என்று பார்த்து எடுத்தால் 2.5 மில்லிமீட்டர் கத்தியே பிளக்கும். பல கத்திகள் முறிவது முடிச்சில் சிக்கிய அலகை நெம்பும்போதுதான். சிக்கிக்கொண்டால் நெம்பாதீர்கள், பக்கவாட்டில் திருக்காதீர்கள். கட்டையைத் திருப்பி அடியிலிருந்து தட்டுங்கள்.

பெரிய கட்டை பிளக்கிற ஆள் என்றால் ஒரு சிறு கோடரி, அல்லது மடக்கு ரம்பம். நனைந்த காட்டில் மடக்கு ரம்பமும் மெல்லிய கத்தியும் சேர்ந்தால் எந்தத் தடித்த கத்தியும் அதற்கு ஈடாகாது. ரம்பத்தால் குட்டையாக அறுத்துக்கொண்டால் பிளப்பதும் சுலபம்.

ஒன்று மட்டும் நாம் இருவரும் சேர்ந்தே சொல்லலாம்: மடக்குக் கத்தியை வைத்து இந்த வேலை வேண்டவே வேண்டாம். அடி முழுவதும் கீல் ஊசிக்கும் பூட்டுக்கும்தான் போகும்.

காட்டுவழி

கடைசி வரிக்கு முழுச் சம்மதம். ரம்பம் சேர்த்துக்கொண்டால் மெல்லியது போதும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ரம்பம் தூக்க மனசில்லாதவர் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். குளிரிலும் மழையிலும் ஒரே ஒரு கருவியை நம்பி இருக்கிறவரின் கணக்கு வேறு.

இரும்புத்துகள்

எஃகைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், உலோகவியல் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எஃகிடம் நாம் மூன்று குணங்களை எதிர்பார்க்கிறோம்: வாய் நெடுநாள் நிற்க வேண்டும், அடி பட்டால் சில்லு தெறிக்கக் கூடாது, துரு பிடிக்கக் கூடாது. மூன்றையும் ஒரே சமயத்தில் முழுதாகப் பெற முடியாது. கடினத்தை ஏற்றினால் பெரும்பாலும் தாங்கும் தன்மை குறையும்.

கார்பன் கடினம் தரும். 1095 என்ற பழைய கார்பன் எஃகில் ஏறக்குறைய 0.95 சதவீதம் கார்பன், குரோமியம் கிடையாது. நன்றாகத் தீட்ட வரும், துருவும் சீக்கிரம் பிடிக்கும். குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் போனால் பொதுவாகத் துருப்பிடிக்காத எஃகு என்பார்கள். ஆனால் அந்தக் குரோமியம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டி2-வில் குரோமியம் சுமார் 12 சதவீதம் உண்டு. கார்பன் 1.5 சதவீதம் இருப்பதால் அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடு துகள்களாக, அதாவது கார்பனோடு சேர்ந்த கடினமான துகள்களாக, போய்விடுகிறது. மீதி இருப்பது துருவைத் தடுக்கப் போதாது. அதனால்தான் டி2 கத்தியை ஈரத்தில் விட்டால் புள்ளி புள்ளியாகத் துரு வருகிறது.

எஸ்30வி-யில் 4 சதவீதம் வனேடியம். வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லை விடக் கடினமானது. வாய் நெடுநாள் நிற்பதும் அதனால்தான், மழுங்கிய பிறகு தீட்டக் கஷ்டப்படுவதும் அதனால்தான். அதற்கு வைரத்தூள் பதித்த கல் தேவை. 2021-இல் வந்த மேக்னாகட் எஃகை உருவாக்கியவர் லேரின் தாமஸ் என்ற உலோகவியலாளர். குரோமியம் கார்பைடு உருவாகாதபடி கலவையை அமைத்து, துருத் தடுப்பையும் தாங்கும் தன்மையையும் சேர்த்தே உயர்த்தியிருக்கிறார். நல்ல எஃகு. முதல் கத்திக்கு அவசியமில்லை.

பெயரை விடப் பெரிய விஷயம் பதம் போடுவது. ஒரே எஃகைச் சரியாகச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தினால் ஒரு கத்தி, அவசரமாகச் செய்தால் வேறொரு கத்தி. அதனால் பெரிய எஃகுப் பெயர் பொறித்த முகம் தெரியாத கத்தியை விட, சாதாரண எஃகை வருடக்கணக்காகச் செய்து பழகிய தயாரிப்பாளரின் கத்தி மேல். விக்டோரினாக்ஸ் தன் அலகுகளை ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 55-56 என்ற மிதமான கடினத்தில்தான் வைக்கிறது. குறைவு என்று சிலர் குறை சொல்கிறார்கள். எந்தக் கல்லிலும் சில நிமிடங்களில் தீட்டிவிடலாம், அலகு வளையுமே தவிரச் சுலபத்தில் சில்லு தெறிக்காது. இது யோசித்து எடுத்த முடிவு.

நெடுவழி

மிகவும் நன்றி. அப்படியென்றால் பாதி அலகு பல் வைத்தது, முதுகு ரம்பம், இவை?

சாணைக்கல்

பல் வைத்த வாய் நார்க்கயிறு, பட்டை, சீட் பெல்ட் போன்றவற்றை வேகமாக அறுக்கும். அதற்காகவே வாங்குகிறவர்கள் வாங்கலாம். உங்களுக்கு வேண்டாம் என்பேன். மரம் சீவப் பலம் கிடைப்பது பிடிக்குப் பக்கத்து வாயில்தான், பாதிப் பல் கத்தியில் அந்த இடத்தைத்தான் பல் பிடித்துக்கொள்கிறது. தீட்டவும் கூம்பு வடிவக் கம்பி வேண்டும், ஒவ்வொரு பல்லாகப் போக வேண்டும்.

முதுகு ரம்பத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. மர ரம்பத்தின் பற்கள் இடமும் வலமும் மாறி மாறி வளைந்திருப்பதால்தான் அலகு சிக்காமல் ஓடுகிறது. கத்தி முதுகில் அந்த வளைவு பெரும்பாலும் இருக்காது, கொஞ்சம் இறங்கியதும் பிடித்துக்கொள்ளும். முதுகில் கட்டைவிரல் வைத்து அழுத்தவும் முடியாது.

கூடாரவாசி

மடக்குக் கத்திதான் வாங்குவதாக இருந்தால் பூட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள், நெடுவழி. விரல் அதன் பாதையில்தான் இருக்கிறது.

பேனாக்கத்திகள் பலவற்றில் பூட்டே கிடையாது. முதுகு வில் அழுத்தத்தில் அலகு நிற்கும், பின்பக்கமாக அழுத்தம் வந்தால் மடங்கிவிடும். நேராக அறுக்கிற வேலைக்கு இது போதும். முனையால் குத்தித் துளை போடுவது இந்தக் கத்திக்கான வேலை இல்லை.

பின்பூட்டு வகையில் பிடியின் முதுகிலேயே ஒரு நெம்பு, அதன் கொக்கி அலகின் வெட்டில் விழுந்து நிற்கும். 1964-இல் வந்த பக் 110 இதற்குப் பேர்போனது. உறுதியானது, ஆனால் மூட இரண்டு கை வேண்டும். லைனர் பூட்டில் பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும். ஒரே கையால் திறக்கலாம், மூடலாம். மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருப்பதை மறக்காதீர்கள். ஒப்பினெல்லில் கழுத்தில் ஒரு வளையம், திருகினால் பூட்டு. 1955-இல் சேர்த்தார்கள். இவ்வளவு எளிய பூட்டை நான் வேறு பார்த்ததில்லை.

எந்தப் பூட்டாக இருந்தாலும் சட்டைப் பையின் பஞ்சும் மணலும் உள்ளே சேர்ந்தால் அது முழுதாக விழாது. திறந்ததும் பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். பூட்டு இருக்கிறதே என்று பின்பக்கமாக அழுத்தம் கொடுக்கிற மாதிரிப் பிடிக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. உட்கார்ந்து குச்சி சீவும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துச் சீவுகிறவர்களைப் பார்க்கிறேன், பதறுகிறது. தொடையின் உட்பக்கம் பெரிய தமனி ஓடுகிறது. அங்கே வெட்டுப் பட்டால் நிமிடங்களில் உயிர் போகும் அளவுக்கு இரத்தம் போகலாம். முழங்கையை முழங்கால் மேல் ஊன்றி, குச்சியை முழங்காலுக்கு வெளியே நீட்டி, உடம்பை விட்டு விலகுகிற திசையில் சீவுங்கள். கையை நீட்டிச் சுற்றினால் எட்டுகிற தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. கத்தியைக் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் நீட்டி, அவர் பிடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகு விடுங்கள். கத்தி கை நழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை எடுத்துக்கொண்டு விழ விடுங்கள்.

நெடுவழி

தொடைத் தமனி விஷயம் எனக்குத் தெரியாது. இன்றே குழுவில் சொல்லிவிடுகிறேன். சரி, தீட்டுவது? அதுதான் எனக்குப் பயம். இழுத்தால் தீட்டுகிற சின்னக் கருவி ஒன்று வாங்கினால் போதுமா?

சாணைக்கல்

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இந்த இழையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது நினைவிருக்கட்டும்.

இழுத்துத் தீட்டுகிற கருவிகளில் பெரும்பாலும் 'வி' வடிவில் இரண்டு கார்பைடு துண்டுகள் இருக்கும். அவை வாயைத் தேய்ப்பதில்லை, சுரண்டி எடுக்கின்றன. அப்போதைக்கு அறுக்கும். வாய் கரடுமுரடாக இருக்கும், உலோகமும் தேவைக்கு மேல் போகும், கோணமும் உங்கள் கையில் இல்லை. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வழக்கமாக்காதீர்கள். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் கொடுப்பதும் ஆபத்து. மெல்லிய வாய் நொடியில் சூடேறும். வாய் ஓரம் நீலம் பாரித்தால் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய்விட்டது என்று பொருள், அங்கே பதம் போய்விட்டது. அந்த இடத்தைத் தேய்த்து எடுக்காமல் சரியாகாது.

உங்களுக்குத் தேவை ஒரு இருமுகக் கல், ஒரு பக்கம் 400 அல்லது அதையொட்டி, இன்னொரு பக்கம் 1000. எண் கூடக் கூடக் கல் நுண்ணியது. அதோடு ஒரு மரத்துண்டில் ஒட்டிய தோல் பட்டை. 3000 கல் பிறகு ஆசை இருந்தால் வாங்கலாம். வெளி வேலைக்கு 1000 கல்லில் தீட்டித் தோலில் இழுத்த வாய் தாராளம்.

கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. கண்ணால் எப்படி அளப்பது? அலகின் அகலம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகைக் கல்லிலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்த்தினால் 15 டிகிரி, 7 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 20. சில நாணயங்களை அடுக்கி உயரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டால் கை பழகிவிடும். அதை விட நல்ல வழி, வாயின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி மெதுவாக ஓரிரு முறை தேய்த்துப் பார்ப்பது. மேல்பக்கம் மட்டும் மை போயிருந்தால் முதுகைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஓரத்தில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள். சரிவு முழுக்கப் போனால் கோணம் சரி. மோரா மாதிரி அகலச் சரிவு உள்ள கத்தியில் இந்தக் கவலையும் இல்லை, சரிவைக் கல்லில் படிய வைத்தால் அதுவே கோணம்.

இனி தேய்ப்பது. கல் தண்ணீர்க் கல் என்றால் நனைத்துக்கொள்ளுங்கள். 400-இல் ஒரு பக்கத்தை மட்டும் அடியிலிருந்து முனை வரை தேய்த்துக்கொண்டே போங்கள். மறுபக்கம் எப்போது? பிசிறு எழும்பிய பிறகுதான். வாயின் எதிர்ப்பக்கத்தில் விரலை முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தால் ஓரத்தில் ஒரு சொரசொரப்பு தட்டும், அதுதான் பிசிறு. அது அடி முதல் முனை வரை விடுபடாமல் இருக்க வேண்டும். தீட்டத் தெரியவில்லை என்கிறவர்களில் அநேகம் பேர் இந்தப் பிசிறு வருவதற்கு முன்பே மறுபக்கம் திருப்பிவிடுகிறார்கள், அல்லது அவசரப்பட்டு நுண்ணிய கல்லுக்குப் போய்விடுகிறார்கள். இரு பக்கச் சரிவும் வாயில் சந்திக்கவே இல்லை, பிறகு எத்தனை மெருகு போட்டு என்ன?

பிசிறு வந்ததும் மறுபக்கம் அதே வேலை. பிறகு 1000-இல் இரு பக்கமும், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் இருந்தால் போதும், ஒரு இழுப்பு இந்தப் பக்கம், ஒரு இழுப்பு அந்தப் பக்கம். பிறகு தோல் பட்டை, பச்சை குரோமியம் ஆக்சைடு மெழுகு பூசியது. தோலில் எப்போதும் முதுகு முன்னால், வாய் பின்னால். எதிராகப் போனால் தோலை அறுத்துவிடும். இழுப்பின் முடிவில் முதுகைத் தூக்காதீர்கள், வாய் உருண்டுவிடும்.

சோதிக்க ஒரு தாள் போதும். எங்கேயும் தட்டாமல் அறுத்தால் முடிந்தது. ஓரிடத்தில் தட்டினால் அந்த இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது, அல்லது சிறு சில்லு.

பயணத்தில் கல் இல்லையென்றால் பீங்கான் குவளையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருந்தால் அதில் இழுக்கலாம், உண்மையில் வேலை செய்யும். முழுக்க மழுங்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது தோலில் இழுத்து வந்தால் கல்லுக்குப் போக வேண்டிய நாள் தள்ளிப் போகும்.

ஈரக்காடு

துருப் பக்கம் நான் பேசுகிறேன், மழையிலும் கடலோரத்திலும்தான் என் நடை.

முதலில், துருப்பிடிக்காத எஃகும் துரு பிடிக்கும், நாள் பிடிக்கும் அவ்வளவே. உப்புக் காற்று, வியர்வை, பழச்சாறு இவை படிந்தால் கழுவித் துடைத்துவிடுங்கள். கார்பன் எஃகில் சாம்பல், நீலம் கலந்த கறை படியும். அது பரவாயில்லை, அந்தப் படலம் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். தேய்த்து எடுக்க வேண்டாம். சிவப்பாக வந்தால்தான் எண்ணெயும் மெல்லிய நாரும் கொண்டு உடனே எடுக்க வேண்டும், விட்டால் குழி விழும்.

எண்ணெய் பூசுவது என்றால் மினரல் ஆயில். கத்தி உணவிலும் படும் என்பதால் உணவுத் தரத்தில் வாங்குங்கள். சமையல் எண்ணெய் நாளாக ஆகப் பிசின் மாதிரி இறுகி நாறும், கீலில் போனால் அலகே திறக்க வராது. மினரல் ஆயிலும் கீலுக்கு ஒரு சொட்டு போதும். அதிகம் விட்டால் தூசியை இழுத்துச் சேர்க்கும்.

மடக்குக் கத்தியில் மண் போனால் வெந்நீரும் சோப்பும், பழைய பல் தூரிகை. திறந்து வைத்து முழுக்கக் காய விடுங்கள், பிறகு அந்த ஒரு சொட்டு. ஒப்பினெல் மாதிரி மரப்பிடி கத்தியை ஊறப் போடாதீர்கள், மரம் உப்பி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தால் தானே சரியாகும். எந்தக் கத்தியையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம்.

வீட்டில் வைக்கும்போது தோல் உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட ரசாயனமும் மிச்சமிருக்கும். உறையும் கத்தியும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உறைக்குள் மணல் போயிருந்தால் கழுவிக் காயவைத்த பிறகே கத்தியை விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அலகைக் கீறும்.

நெடுவழிக்கு என் யோசனை: துருப்பிடிக்காததையே வாங்குங்கள். கார்பன் எஃகின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் களைத்துப்போய்க் கூடாரத்துக்குள் விழுகிற இரவில் அதையும் துடைத்து வைக்க வேண்டும், முதல் கத்திக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம்.

கூடாரவாசி

சட்டத்தையும் பாருங்கள். நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத வாய் உள்ள மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டுள்ளது என்றால் தக்க காரணம் வேண்டும். ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றிக் கொண்டுபோகக் கூடாது. போகிற இடத்தின் விதியைப் போவதற்கு முன் படித்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். சரக்குப் பெட்டியில், உறையோடு, பரிசோதிக்கிறவர் கையில் படாதபடி சுற்றி வையுங்கள். நகரத்துக்குள் நடக்கும்போது இடுப்பில் தொங்கவிடாமல் பையின் உள்ளே வைத்தால் எதிரே வருகிறவர்களுக்கும் நிம்மதி.

நெடுவழி

முடிவு செய்துவிட்டேன். மெல்லிய அலகு, துருப்பிடிக்காத எஃகு, மடங்காத கத்தி ஒன்று. ஒரு மடக்கு ரம்பம், காட்டுவழி சொன்னது மனதில் இருக்கிறது. 400/1000 கல், தோல் பட்டை. பழைய சமையல் கத்தியில் தீட்டிப் பழகிவிட்டுப் புதியதைத் தொடுவேன். கடைசியாக ஒன்று: கல்லுக்கும் பராமரிப்பு உண்டா?

சாணைக்கல்

உண்டு. தண்ணீர்க் கல் நடுவில் தேய்ந்து குழியும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 220 அளவு நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) நனைத்து ஒட்டுங்கள். கல்லின் முகம் முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, அந்தத் தாளில் வைத்துத் தேயுங்கள். குழிந்த இடத்துக் கோடு கடைசியாக அழியும், அது வரை தேய்க்க வேண்டும். ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள், உடையாது. தண்ணீர்க் கல்லில் எண்ணெய் விடாதீர்கள், துளை அடைத்துக்கொள்ளும். நிழலில் காயட்டும், வெயிலில் வைத்தால் சில கற்கள் வெடிக்கும்.

சமையல் கத்தியில் பழகுவது நல்ல முடிவு. அதன் அலகு அகலம் அதிகம் என்பதால் முதுகை உயர்த்துகிற அளவும் மாறும், 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு 15 டிகிரி என்றால் 10 மில்லிமீட்டர். எங்காவது நின்றுவிட்டால் மார்க்கர் மை எந்தப் பக்கம் போகிறது என்று படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.